மாற்றிச் சொன்ன வார்த்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், உன் தம்பி பரீட்சையை முடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிறான், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த மாதிரி உடுத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லார் வீட்டு ஒட்டடையும் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அவள் வருகிறாள் என்றாலே நான் துடைப்பத்தைத் தேடுகிறேன். மேல் வீட்டுக்காரர் குழாய் மாற்றுகிறேன் பேர்வழி என்று நம் குளியலறைச் சுவரை ஊற வைத்துவிட்டார், கேட்டால் காய்ந்துவிடும் என்கிறார், எந்த வருஷம் என்று சொல்லவில்லை. போனில் என் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், தொண்டைக் கட்டு என்று சொல்லிச் சமாளித்தேன். தொண்டை கட்டியது நிஜம்தான், காரணத்தைத்தான் சொல்லவில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பாதியை விழுங்க வேண்டியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மா மேல் உனக்கு அருவருப்பு வந்தால் வரட்டும், எனக்கே வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் மார்க்கெட்டுக் கலவரத்தில் கடைகள் எரிந்த பிறகு, நமக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற பாலத்தில் ஆறு மாதம் பஸ்கூட ஓடவில்லை, உனக்கே தெரியும். இப்போது பஸ் ஓடுகிறது, ஆனால் நம் ஆட்கள் ஏறினால் முன்பக்கம், அந்தப் பக்கத்து ஆட்கள் ஏறினால் பின்பக்கம், நடுவில் நாலு சீட் காலியாகவே பாலத்தைத் தாண்டும். இதைச் சரிசெய்கிறேன் என்று ஒரு அமைப்பு கிளம்பியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேர், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேர், எல்லாரும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. தொழிற்பள்ளி மாடியில் பத்து நாள் ஒன்றாக உட்கார வைத்துப் பழக வைத்தால் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளக் கற்பார்கள் என்று திட்டம். பிள்ளைகளுக்கு ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் பதிமூன்று வருஷம் சீட்டு எழுதியவள், இரண்டு பாஷையும் தண்ணீர் மாதிரி வரும், வேலையை விட்டு ஒரு வருஷமாகச் சும்மாதான் இருக்கிறேன் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ வாங்கி அனுப்பிய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த அமைப்பை நடத்துகிற பெண்மணியை எல்லாரும் மேடம் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, பசங்க சின்னவங்க, வாய்க்கு வந்தத பேசுவாங்க. கசப்பா ஏதாவது வந்தா கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குடுங்க. பாக்க வர்றவங்க முன்னாடி சண்டை வந்துட்டா அடுத்த வருஷம் இந்த முகாமே நடக்காது" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிடுசிடுத்தால் அதை நோயாளியிடம் பக்குவமாகச் சொன்னவள்தானே நான், இதிலென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, எதிர்ப்பக்கத்து ஆட்களைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நம் பக்கத்தில் லிஃப்ட் ரிப்பேர் படிக்கிற ஒருத்தன் இருந்தான், ஆள் ஆறடிக்கு மேலே, எல்லாரும் நெட்டை என்பார்கள். அவனுக்கு நேர் எதிரே அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம், நறுக்கென்று பேசுவாள். மேடம் அவனைக் கை காட்டினார். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "பஸ்ல உங்க ஆளுங்க பக்கத்துல உக்காந்துட்டா வீட்டுக்கு வந்ததும் குளிக்கணும்னு எங்க அம்மா சொல்லும். இங்க வந்து உக்காந்தப்புறம் அது சரின்னுதான் தோணுது" என்றான். நம் பக்கத்துப் பிள்ளைகளில் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று. மேடம் வேறு என்னைப் பார்க்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, உங்கள் ஆட்கள் சுத்தத்துக்குப் பேர் போனவர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், இங்கே வந்த பிறகு அது சரிதான் என்று தோன்றுகிறது, இப்படிச் சொன்னேன். திக்காமல் திணறாமல் வந்தது. குளிப்பது என்ற வார்த்தையைச் சுத்தம் என்று திருப்பிப்போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தப் பெண் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்து வந்து அவனிடம் கையை நீட்டினாள். அவன் விழித்தான், பிறகு எல்லாரும் பார்க்கிறார்களே என்று கையைக் கொடுத்தான். போட்டோக்காரர் ஓடி வந்து நாலு படம் எடுத்தார், கைதட்டல் வேறு. உட்காரப் போகும்போது அவன் அந்தக் கையைக் கால்சட்டையில் தேய்த்துத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.  ஆனாலும் மேடம் வந்து தோளைத் தட்டி, "பிரமாதம் அக்கா" என்றபோது சிரித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு நான் வாய் திறந்தாலே சர்க்கரைதான். ஒருத்தன் எங்கள் தெருவை எரித்தவர்கள் இவர்கள் என்பான், இவர்கள் தெரு நிறைய மாறிவிட்டது என்கிறான் என்பேன். ஒருத்தி இவர்களோடு சாப்பிட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பாள், இன்று பசியில்லையாம் என்பேன். பிள்ளைகள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள், பார்க்க வந்தவர்கள் ஆகா ஆகா என்றார்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் பல் விளக்காத மாதிரி வாயெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. அந்த வாரம்தான் நீ போனில் சொன்னாய், உன் அறைத்தோழி நீ தலைக்குத் தடவுகிற எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை என்று வேறு யாரிடமோ சொன்னதைக் காதில் வாங்கியும் நீ சிரித்துக்கொண்டே போய்விட்டதாக. அனுசரித்துப் போ என்று உன்னிடம் சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கு அப்படிக் கோபம் வந்தது, யார் அவள் என் பெண்ணைச் சொல்ல என்று. அதே கோபத்தோடு மறுநாள் காலை போய் அந்த நர்ஸ் பெண் காதில் இன்னும் நாலு பொய்யை ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் அவள் நெட்டைக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். வெள்ளைத் தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. அவள் அம்மா சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள், வீட்டில் நல்ல சோப்பு எப்போதும் இருக்கும், நம் சுத்தத்தைப் புகழ்ந்த பிள்ளைக்குக் கொடு என்று அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்தாளாம். இதை என்னிடம் சொல்லி, அவனிடம் சொல்லுங்கள் அக்கா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தாளைப் பிரித்துவிட்டான். உள்ளே சோப்புக் கட்டி. காது வரைக்கும் சிவந்துபோய், "எனக்கு சோப்பு குடுக்கறாளா? என்னை அழுக்குங்கறாளா இவ?" என்று கத்தி அதைச் சுவரில் எறிந்தான். மூலை உடைந்து தரையில் சறுக்கிக்கொண்டு போய் நாற்காலிக்கு அடியில் நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என் அம்மா கொடுத்தது, என் அம்மா கொடுத்தது என்று அதையே சொல்லிக்கொண்டு நிற்கிறாள். மேடம் என் முழங்கையைப் பிடித்து, "கை தவறி விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க அக்கா, சீக்கிரம்" என்றார்.

அந்த நேரத்தில் என் மனதில் அந்த அம்மாதான் வந்தாள். முகம்கூடத் தெரியாது. எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, நம்மைப் புகழ்ந்தானாம் ஒரு பிள்ளை என்று சந்தோஷப்பட்டு, இருப்பதில் நல்ல கட்டியாகப் பார்த்துத் தாளில் சுற்றியிருக்கிறாள். அவளையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறேன். மேடத்தின் கையை விலக்கிவிட்டு, முதலில் அவள் பாஷையில், பிறகு நம் பாஷையில், இரண்டாம் நாள் அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன் என்று அப்படியே சொன்னேன். குளிப்பது என்கிற வார்த்தை வந்தபோது எனக்கு நாக்கு குழறியது. இதுவரைக்கும் இங்கே யார் சொன்னதும் யாருக்கும் போய்ச் சேரவில்லை, நடுவில் நான் தின்றுவிட்டேன் என்றேன்.

அந்தப் பெண் அழவில்லை. குனிந்து அந்த உடைந்த சோப்பை எடுத்தாள், ஓரத்திலிருந்த குழாய்க்குப் போனாள், அவனோடு கைகுலுக்கிய கையை முழங்கை வரை நுரைக்க நுரைக்கக் கழுவினாள். மற்ற எல்லாரும் தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தையையும் மாற்றாதீங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு, "பஸ்ல நான் உக்காந்தா நீங்க எழுந்து போறது எனக்குத் தெரியாதா? காரணத்த இன்னைக்குத்தான் காதால கேட்டேன். ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரியில உங்க ஆளுங்க மலஜலம் அள்ளிப் பழகறேன், அப்ப மட்டும் என் கை சுத்தமா?" என்றாள். அதை அப்படியே சொன்னேன். அவனும் விடவில்லை, எரிந்த கடைகளில் ஒன்று தன் மாமாவுடையது என்றான், உங்க ஆளுங்கதான் வச்சாங்க என்றான், கேட்கக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொன்னான், அதையும் சொன்னேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரம். என் தொண்டை போனது அங்கேதான். நடுவில் அந்தப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்க எங்க பக்கம் பதிமூணு வருஷம் இருந்தீங்களே, உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

கண்ணு, நம் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீலக் கோப்பை தனியாக இருக்குமே, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரித் தோழிகள் என்னைப் பார்க்க வந்தால் அதில்தான் டீ கொடுப்பேன், நீ சின்னவளாக இருந்தபோது அதில் பால் கேட்டாய் என்று உன் கையில் ஒன்று வைத்தேன். ஏன் அடித்தேன் என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. விருந்தாளிக் கோப்பை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் ஆமாம் என்றேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அவன் சொல்லிவிட்டான், நான் சொல்லாமல் செய்தேன் என்றேன். அவள் பார்த்த பார்வை இன்னும் என் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலமே மேடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஐந்து நாளில் கட்டியதை ஒரு நிமிஷத்தில் இடித்துவிட்டீர்களாம். என்ன கட்டினார், அட்டையில் கட்டினார். என் இடத்துக்கு ஒரு இளைஞனைப் பிடித்து வந்தார்கள், அவனுக்கு அவர்கள் பாஷையில் காலை வணக்கமும் நன்றியும்தான் தெரியுமாம், அது போதுமாம். நிறைவு விழா அன்று அந்தப் பக்கமாகப் போனேன், தொழிற்பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் கட்டியிருக்கிறார்கள், நெட்டையும் அந்தப் பெண்ணும் கைகுலுக்குகிற அதே படம், கீழே அன்பால் இணைந்தோம் என்று எழுத்து. அது பொய்ப்படம் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார்கள். வாசலிலேயே துப்பிவிட்டு வந்தேன், உன் அம்மா நடுத்தெருவில் துப்பினாள் என்று யாராவது சொன்னால் நம்பு.

ஒரு வாரம் கழித்து அந்த நர்ஸ் பெண் போன் செய்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாளோ என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். அவள் அதற்குக் கூப்பிடவில்லை. முகாமிலிருந்த சிலபேர் சனிக்கிழமை மதியம் பாலத்து முனையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கூடப்போகிறார்களாம், மேடமும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம், பேச வேண்டியது பாக்கியிருக்கிறது, பாஷை தெரிந்தவர் நீங்கள்தான், வருவீர்களா, ஆனால் சர்க்கரை கூடாது என்றாள். போனேன். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். நெட்டையும் வந்தான், கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவன் மாதிரி. மன்னிப்பும் கேட்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. பேசியதெல்லாம் குப்பை, கண்ணு, இரண்டு பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகளுக்கு என்னென்ன ஊட்டி வளர்த்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். அப்படியிருந்தும் வருகிற சனிக்கிழமையும் போகிறேன்.

உன் அறைத்தோழி விஷயத்தில் அனுசரித்துப் போ என்று நான் சொன்னதை விட்டுவிடு. எண்ணெய் நாற்றம் என்று சொன்னாயாமே என்று நேருக்கு நேர் கேள். சண்டை வந்தால் வரட்டும், அவள் மனதில் என்ன இருக்கிறது என்றாவது தெரியும். உன் மனதில் அவளைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடு, இல்லாமல் இருக்காது, நீ என் பெண்.

இன்னும் ஒன்று. அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "கை கழுவிட்டு உள்ள வா" என்றார். பதிமூன்று வருஷம் தினமும் சொன்னதுதான், நானும் கிருமிக்குப் பயந்து சொல்கிறார் என்றே கழுவியிருக்கிறேன். இப்போதுதான் ஆஸ்பத்திரிக்கே போவதில்லையே. "எதுக்குங்க?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.  கழுவாமலேயே போய்த் தட்டை எடுத்து வைத்து அந்தக் கையாலேயே பரிமாறினேன். வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன பிறகு சாப்பிட்டார்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. பல் டாக்டரைப் போய்ப் பார் என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன், இந்த வாரமாவது போ. தம்பி உன் பழைய மடிக்கணினியைக் கேட்கிறான், கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். பதிலை அப்பா பேருக்கு எழுதாமல் என் பேருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும்
அம்மா