கிண்ணம் எப்படித் திரும்பும்?

அன்புள்ள பிளாவியாவுக்கு,

மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

"லிப்டு இருக்கு, மாதா கோயில் பக்கம். நீங்க ரிட்டயர் ஆகி வந்தா வேற என்ன வேணுங்கீய?" என்று டவுன் ஃபிளாட்டைப் பற்றிப் போனில் கேட்டாய்.

வெள்ளிக்கிழமை இங்கே ஷார்ஜாவில் சீலா மீன் குழம்பு வைத்து எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் எங்கள் கட்டடக் காவலாளி கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தார். பளபளவென்று கழுவிய வெறுங்கிண்ணம்! நம்மூரில் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்களே. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்பது வருடமாக எதிர்வீடு, அவர் பெயர்கூடத் தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒன்று செய். அந்த ஃபிளாட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டு வா. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கிண்ணம் எப்படித் திரும்பி வந்தது என்று மட்டும் எழுது.

உன்,
லெயோன்