உதட்டின் நிறம்

என்னங்க,

வக்கீல் வந்திருந்தார். உங்கள் ஓவியத்தைத் தலையணை உறையில் அச்சடித்து விற்கிற கம்பெனி மேல் வழக்காம். அதில் இருக்கும் நம் பெண்ணின் அம்மா என்ற முறையில் என் கையெழுத்தும் வேண்டுமாம். "சார் போட்ட நிறத்தையே மாத்திட்டாங்கம்மா, மனுஷன் கொதிச்சுப்போயிருக்காரு" என்றார்.

கொதிக்காமல் என்ன செய்வீர்கள்? அன்று ஆஸ்பத்திரியில் அவள் முகத்தை மூடிய துணியை விலக்கிவிட்டு வரைந்தவர் நீங்கள். பிறகு அந்த உதட்டு நீலம் அச்சு அசலாக வரும்வரை வீட்டில் யாரோடும் பேசவில்லை. அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்று எல்லோரும் "அற்புதம்" என்றார்கள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கடைத்தெருவில் அந்த உறை வரிசையாகத் தொங்குகிறது. உதட்டுக்கு இளஞ்சிவப்பு பூசியிருக்கிறார்கள். "பாப்பா எப்படி அசந்து தூங்குது பாருங்கக்கா, இதான் நல்லா ஓடுது" என்றான் கடைக்காரன்.

"ஆமாம்ப்பா, தூங்குறா" என்றேன்.

ஒன்று வாங்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். முதல் சலவையிலேயே சிவப்பு கரைந்து, உங்கள் நீலம் மேலே வந்துவிட்டது. ஈரக்கையோடு ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவந்தேன்.

கலை பெரிதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடமாட்டேன். வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டால் கடையில் அவள் கிடைக்கமாட்டாள். இருப்பதைத் துவைக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், உறை தினமும் நனைந்துவிடுகிறது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா