படத்தில் அவருடைய கை

கார்த்திகை 4, திங்கள்
விடியவிருந்தே மழை. துறைமுக வீதியில் கணுக்கால் தண்ணீர். பென் டிரைவைச் சொப்பின் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து யோகன் தம்பியின் அச்சுக் கடைக்குக் கொண்டுபோனேன். என் மனுசன் அந்தோனி எழுதிய படகு எஞ்சின் திருத்தும் புத்தகம் அதற்குள். பயிற்சி நிலையத்தில் படிப்பித்த காலத்தில் பழைய சொப்ட்வெயாரில் செய்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு இப்போது நிலையத்தார் கேட்கிறார்கள், புதியதற்கு மாற்றித் தரட்டாம், வரப்போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க.

திறந்தால் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி.

"பழைய எழுத்துரு அக்கா. மாத்தலாம், பயப்பிடாதேங்கோ."

"எனக்கென்ன பயம்? நான் எழுதினாலும் இப்பிடித்தான் கிடக்கும்."

மீன் இல்லை. முட்டைக் குழம்பு.

5, செவ்வாய்
எழுத்து சரி வந்துவிட்டது. வீட்டில் கிடந்த போட்டோக்கொப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். எண்ணெய் பிரண்ட கொப்பி, படமெல்லாம் கறுப்பு அப்பி. நான் ஐந்தாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'பிளக்கைக் கழற்றும்போது அவசரப்படக் கூடாது.' அப்படியே அவருடைய குரல். மூக்கைச் சிந்தினேன். தடிமன் என்றேன்.

படம் வரவேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறப் பெட்டி. நடுவில் குறுக்குக் கோடு.

"இதென்ன தம்பி, உங்கட தலை மாதிரி வெறுமையாக் கிடக்கு?"

யோகன் வழுக்கையைத் தடவினான். சிரிக்கவில்லை. "அந்தச் சொப்ட்வெயார் படத்தைத் தனக்குள்ள வைக்காது அக்கா. படம் எங்க இருக்கெண்டு விலாசம் மட்டும்தான் வைக்கும். அண்ணையின்ர கொம்பியூட்டர் எங்க?"

போன மாரியில் கூரை ஒழுகி நனைந்து செத்தது.

"அப்ப விலாசம் இருக்கு, ஆள் இல்லை."

"எங்கட வீட்டைச் சொல்லுறீங்களோ?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. பாவம். நான் பகிடியாகத்தான் சொன்னேன்.

6, புதன்
மழை விட்டது. உடுப்புக் காயவில்லை. சவர்க்காரம் வாங்க வேண்டும்.

புத்தகத்தின் எல்லாப் படத்திலும் அவருடைய கை. பெருவிரலில் பாதி நகம் இல்லை, எஞ்சின் பெல்ட் கொண்டுபோனது. படம் எடுத்தது நான். முகம் தெரிகிற படம் வீட்டில் நிறைய உண்டு. கலியாணம், கோயில் திருநாள், எல்லாவற்றிலும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பார். கை வேண்டுமென்றால் புத்தகத்தில் மட்டும்தான்.

பெட்டிக்குள் அந்தப் படத்தின் சின்ன நகல் ஒன்று ஒளிந்திருந்ததாம். யோகன் பெருப்பித்துக் காட்டினான். கட்டம் கட்டமாக உடைந்து போயிற்று. எது விரல், எது ஸ்பானர், தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருப்பியுங்கோ."

"பெருப்பிச்சா இன்னும் உடையும் அக்கா."



8, வெள்ளி
நிலையத்தார் சொல்லிவிட்டார்கள், படம் தெளிவாக வேண்டும். புதிதாக எடுக்கத்தான் வேணும். அவருடைய எஞ்சின் முற்றத்தில் தகரத்துக்குக் கீழ் நிற்கிறது. ஆனால் ஆருடைய கை?

யோகன் தன் கையை நீட்டினான்.

"வேண்டாம். பூ மாதிரிக் கை. பிள்ளையள் எஞ்சினை மல்லிகைச் செடியெண்டு நினைப்பினம்."

9, சனி
வெயில். யோகன் கமராவோடு வந்தான். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். காப்பைக் கழற்றி யன்னலில் வைத்தேன். காப்போடு எஞ்சினுக்குக் கிட்ட வந்தால் அவர் சத்தம் போடுவார். வழமைபோல் இடப்பக்கம் போய் நின்றுவிட்டேன், படம் எடுக்கிற இடத்தில். யோகன்தான் மற்றப் பக்கம் போகச் சொன்னான். அவர் இருக்கிற பக்கம். குந்தி, ஸ்பானரைப் பிளக்கில் வைத்தேன்.

"அக்கா, கையை ஆட்டாதேங்கோ."

"நானில்லை. எஞ்சின் ஆடுது."

எஞ்சின் ஓடவேயில்லை.