தென்கிழக்கு மூலையில் ஒரு பொந்து

தம்பி,

சித்தியின் ஆடுகளைப் பழைய யுரேனியச் சுரங்கத்து மேட்டில் மறுபடி மேய விடலாமா என்று நேற்று அரசாங்க ஆய்வாளராகப் பார்க்கப் போனேன். குழியை மூடி, மண் கொட்டி, புல் வளர்த்திருக்கிறார்கள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். காலை முழுக்கக் கதிர்வீச்சு மீட்டரோடு நடந்தேன். மீட்டர் முள் ஆபத்தில்லாத அளவைத் தாண்டவில்லை.

தென்கிழக்கு மூலையில் தரையணில்கள் வளை தோண்டியிருந்தன. அவை வெளியே தள்ளிய மண் மட்டும் அடியில் புதைத்த சுரங்கக் கழிவின் சாம்பல் நிறம். மீட்டரை அருகே கொண்டுபோனதும் கத்த ஆரம்பித்தது.

"ஒரு அணில் பொந்துக்காகவா மேடம்?" என்று கம்பெனி எஞ்சினியர் அனுமதிக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"நீங்க போட்ட மண்ணு அணிலுக்கே பத்தலையே," என்றேன்.

வேலிக்கு வெளியே சித்தி ஆடுகளோடு நின்றிருந்தார். இந்த வருஷமும் முடியாது என்று நம் நவாஹோ மொழியில் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நம் வழக்கப்படி விரலை நீட்டாமல் உதட்டைக் குவித்து எஞ்சினியருக்கு என்னைக் காட்டினார்.

"இது எம் பொண்ணு. இவ வேணாம்னா வேணாந்தான்."

எஞ்சினியருக்குப் புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவும் இல்லை. சித்தி நாயை விசிலடித்துக் கூப்பிட்டு மந்தையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குழிக்குள் பதினோரு வருஷம் இறங்கியவரைப் பற்றி இங்கே எழுதவில்லை. போனவர்களின் பேச்சை எடுக்காதவர்கள் நாம். ஆனால் அவரை அடக்கம் செய்த அன்று, "அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டு, அவங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போடப் போற," என்று நீ சொன்னாயே, அதற்கு மூன்று வருஷமாகப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

இந்த வாரம் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இந்தக் கடிதம் ஒன்றுதான்.

உன் அக்கா