மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்குத் திருப்பும்போது விளக்குகள் ஒரு கணம் ஏழு என்று காட்டின. அந்த லிஃப்ட் போகப்போகும் கட்டடத்துக்கு ஐந்தே மாடி.

இரு, முதலில் உன் நலம் கேட்க வேண்டும். இருமல் நின்றதா? நான் நலம்.

பட்டறையில் இப்போது என்னை லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாரோடும் பேச வேண்டாத வேலை, எனக்குத் தோதுதான். லிஃப்ட் நிற்கும் இடத்தைச் சொல்ல ஒரு வட்டத் தகடு உண்டு. அதைக் கையால் திருப்பினால் மூன்று விளக்குகள் மாடியின் எண்ணைச் சொல்லும். எரிந்தால் 1, அணைந்தால் 0. மூன்றாம் மாடி 011, நாலாம் மாடி 100. பார், மூன்று விளக்கும் ஒன்றாக மாற வேண்டும். ஆனால் அவை ஒன்றாக மாறுவதில்லை. இடது விளக்கு முந்திக்கொண்டால் 111, அதாவது ஏழு.

பக்கத்தில் கம்பிகளைச் சால்டரிங் செய்து ஒட்டும் அக்காவிடம் தயங்கிக் காட்டினேன். "எல்லாரும் ஒரே நேரத்துல வாசல்ல முட்டிக்கிட்டா அப்படித்தான்டி ஆகும். ஆமா, உனக்கு வாய் இருக்கா?" என்று சிரித்தார். பெட்டிக்குத் தவறான தகட்டைப் பொருத்தியிருந்தார்களாம். சரியானதை எடுத்துக் கொடுத்தார். கிரே குறியீட்டுத் தகடு. அதில் அடுத்த மாடிக்கு ஒரே ஒரு விளக்குதான் மாறும். மூன்றுக்கு 010, நாலுக்கு 110 என்று அதற்குத் தனிக் கணக்கு. பழைய எண்ணின் முதல் இலக்கத்தை அப்படியே எழுதிக்கொள். பிறகு ஒவ்வொரு இலக்கத்தையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார். வேறுவேறாக இருந்தால் 1, ஒரே மாதிரி இருந்தால் 0. 100-ஐ மாற்றிப் பார், 110 வரும். பகல் முழுக்கத் திருப்பினேன். இல்லாத மாடி ஒரு தடவைகூட வரவில்லை.

அப்பா போன பிறகும் அவர் கட்டில் அப்படியே கிடக்கிறது. நான் ரேடியோவை அணைப்பதில்லை, கரண்ட் வீண் என்று திட்டாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அது மட்டும்தான் பேசுகிறது.

அறையைக் காலி செய், வேலையை விடு, அத்தை வீட்டுக்குப் போய்விடு, எல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் என்று போனில் சொன்னாய். நான் "ம்" என்றேன். அது சம்மதம் இல்லை அண்ணா. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது என் பள்ளிக்கூடம் நின்றது, நீ வெளியூர் கிளம்பினாய், வீடும் மாறினோம். அப்போது பல நாள் காலையில் கண் விழித்ததும் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் படுத்திருப்பேன். உன்னிடம் சொன்னதில்லை.

வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. அத்தை நல்லவர்தான். ஒவ்வொன்றாக மாற்று, அவ்வளவுதான் கேட்கிறேன். முதலில் கட்டிலைக் கொடுத்துவிடுகிறேன். அது பழகட்டும். அத்தையிடம் நீயே சொல்லிவிடு. கோபம் வந்தால் திட்டு, போனை மட்டும் வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: எழுதி முடித்துக் கீழே போய், இந்த மாதம் காலி செய்யவில்லை என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "என்னம்மா, சத்தமே வரல" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.