எங்கள் காம்பராவில் எத்தனை அடுப்பு

மார்ச் 4, செவ்வாய்

வந்தவரின் சப்பாத்தில் சேறே இல்லை. கார் ரோட்டால் வந்திருக்கிறார், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குறுக்குப் பாதையால் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவர் முதலில் கேட்டது காதில் விழவில்லை.

காலையில் பனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். அம்மாவும் சித்தியும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் நானும் சித்தியின் சின்னவன் கவினும் மட்டும். வந்தவர் புது வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எழுதுகிறவர். சொந்த வீடு இல்லாத குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணியும் வீடும், அரசாங்கக் காசில். அப்பா பெயரை எழுதினார். அடுத்த வரியில் சித்தப்பா பெயர்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

ஏழு. அப்பா கொழும்பிலிருந்து வந்தால் எட்டு.

"அடுப்பு எத்தனை?"

ஒன்று என்றேன். சித்தப்பா பெயரைக் கோடு போட்டு வெட்டினார். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லித்தான் விளங்கியது. ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு.

சித்தி: "ஏன்டி, ரெண்டுன்னு சொன்னா வாயிலருந்து முத்து உதிர்ந்துருமா? நீங்க புது வீட்டுக்குப் போங்க, நாங்க இந்த ஒழுகுற தகரத்துக்குக் கீழயே கெடக்கோம்."

அம்மா: "இருக்கதத்தானே எம் மக கோகிலா சொன்னா."

கோடிக் காம்பராவில் மாமியாரும் மருமகளும் சண்டை பிடித்துத் தனித்தனியாக ஆக்குகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வீடு. பத்து வருஷமாக ஒரே சட்டியில் சாப்பிடும் எங்களுக்கு ஒன்று. என்ன சட்டமோ.

மார்ச் 6, வியாழன்

அரைநாள் வேலையோடு அம்மா, சித்தி, நான் ஹட்டன் டவுனுக்கு. சித்தி குடும்பத்துக்கு வேறு வழி உண்டா என்று பார்க்க. எழுதப் படிக்க நான் தேவையாம். திட்டவும் நான்தான்.

வங்கி: வீட்டுக் கடன் உண்டு. முதல் வீடு என்றால் வட்டி குறைவு. காணி உறுதிப் பத்திரம் வேண்டும்.

ஈ.பி.எஃப். சேமலாபப் பணத்தைப் பிணை வைத்துக் கடன்: சித்தி கணக்கில் இருப்பது போதும். அதற்கும் உறுதிப் பத்திரம் வேண்டும்.

தோட்ட ஆபீஸ் (திரும்பும் வழியில்): காணி, பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும்.

மாதர் சங்கம்: தகரம் மாற்ற மட்டும் தருவார்கள். வீட்டுக்கு இல்லை.

பஸ்ஸில் சித்தி சத்தமாக: "காசு கேட்டா காணியக் காட்டுங்கிறாங்க. காணி கேட்டா பட்டியலக் காட்டுங்கிறாங்க. பட்டியல்ல பேர வெட்ட வச்சது இந்த மகாராணி!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கும்வரை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

சித்தப்பா வீட்டுத் திட்ட ஆபீசுக்குப் போன் பேசினார். புதன்கிழமை திரும்ப வந்து பார்ப்பார்களாம். உடனே செங்கல் தேடிப்போய், மண் குழைத்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இரண்டாவது அடுப்பு. கோணல்.

"இன்னையிலருந்தே தனியா ஆக்குங்க. வர்றப்ப பழகுன மாதிரி தெரியணும்."

அம்மாவும் சித்தியும் சிரிப்பை அடக்க முடியாமல் ஆக்கினார்கள். கவின் இரண்டு இடத்திலும் சாப்பிட்டான்.

மார்ச் 10, திங்கள்

சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று விறகைப் பிரித்தார்கள். உப்பு டப்பா யாருடையது என்று ஒரு பேச்சு. இன்று காலை என் தம்பி சித்தியிடம் பிளேன்டீ கேட்டான்.

"ஏன், ஒங்க அடுப்புல இல்லையா?"

விளையாட்டுக்குச் சொன்னாராம். அம்மா அப்படி எடுக்கவில்லை.

"நடிக்கச் சொன்னா நெசமாவே பிரிஞ்சுட்டாளே!"

இப்போது பேச்சே இல்லை. கொழுந்து மலைக்கும் வேறு வேறு பாதையில் போகிறார்கள். நடுவில் நான். "கத்தி வேணுமான்னு கேளு." "வேணாம்னு சொல்லு." இரண்டு பேரும் இரண்டு முழம் தள்ளித்தான் நிற்கிறார்கள். காது இல்லையா? தலை வலி. தலையில் தேய்க்க எண்ணெய் எடுத்தால் அது எந்த அடுப்பு எண்ணெய் என்று கேட்பார்கள்.

மார்ச் 12, புதன்

பதினொரு மணிக்கு வந்தார். இன்றும் நானும் கவினும்தான். இஸ்தோப்பில் குனிந்து பார்த்தார்.

"இது புதுசா பூசுன மண்ணுல்ல?"

"ஆமாங்க சேர்."

"போன தடவை ஒண்ணுன்னு சொன்னீங்களே தங்கச்சி?"

"அன்னைக்கு ஒண்ணுங்க சேர். இப்ப ரெண்டு."

"எனக்காகக் கட்டுனதா, நெசமாவே தனியா ஆக்குறாங்களா?"

"ஒங்களுக்காகத்தாங்க கட்டுனது. இப்ப நெசமாயிருச்சு. பேசிக்கிறதுகூட இல்லைங்க சேர்."

வெளி ஆளிடம் இவ்வளவு நான் பேசியதே இல்லை. அவர் பைலைத் திறந்து சித்தப்பா பெயரை மறுபடி எழுதினார். எழுத்தைப் பார்த்துக்கொண்டேன், சரியாகத்தான் இருந்தது.

"பட்டியல் எப்பங்க சேர் வரும்?"

"அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

போய்விட்டார். கவின் பசி என்றான். எங்கள் சோற்றைத் தட்டில் போட்டு, சித்தியின் சட்டியைத் திறந்து பருப்பை ஊற்றிப் பிசைந்தேன். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி.