பாங்க் பாரத்தோடு வைத்த சீட்டு

இஞ்சாருங்கோ,

முதல் பஸ்ஸில ஒட்டுசுட்டானுக்கு அக்கா வீட்டை போறன். குசினியில சோறும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வைச்சிருக்கிறன். அலுமாரித் திறப்பு சாமிப் படத்துக்குப் பின்னால.

பின்னேரம் வாத்தியார் புதுக் கணக்குப் பாரம் வாங்க வருவார். எங்களைத் தெரியும் எண்டு பாங்க்குக்குக் கையெழுத்து வைக்கிறவர் அவர்தானே. ஆடாத கதிரையைப் போட்டு, தேத்தண்ணி குடுங்கோ.

வெள்ள வருசம் என்ர சீதனக் காசைப் பாங்க்காரர் உங்கட கடனுக்குப் பிடிச்சுப்போட்டினம் எண்டு சொன்னீங்கள். ஆறு வருசமாய் அவையைத்தான் திட்டினனான். நேற்று பாங்க்கில மனேஜர் எங்கட பழைய கணக்குக் கடதாசியை எடுத்து, "ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுத்தானே முழுக்க எடுத்தனீங்கள்? பிறகு ஏன் நீங்கள் அந்தக் கணக்கில எழுதின செக் காசில்லாமல் திரும்பினது?" எண்டு கேட்டார். நீங்கள் நிலத்தைப் பாத்தீங்கள். அந்தக் கடதாசியில என்ர பேருக்குக் கீழ ஒரு கோடு. நெல்லு மூட்டையில பேர் எழுதிப்போட்டு நீங்கள் இழுக்கிற அதே கோடு.

"ஓம், என்ர கையெழுத்துத்தான்" எண்டு சொன்னன்.

பிள்ளையளின்ர பசிக்குத்தான் எடுத்திருப்பீங்கள். கேட்டிருந்தா நானே கையெழுத்து வைச்சுத் தந்திருப்பனே.

இரஞ்சிதம்

கறியில உப்புக் கூடிப்போச்சு. தயிர் விட்டுச் சாப்பிடுங்கோ.

எப்ப வருவன் எண்டு வாத்தியார் கேட்டா, தெரியாது எண்டு சொல்லுங்கோ.

பாரத்தில என்ர இடத்தில நான் கையெழுத்து வைச்சிட்டன். நீங்கள் உங்கட இடத்தில மட்டும் வையுங்கோ.